பில் மன்றோ யாரிடம் கற்றார், எதைத் தானே உண்டாக்கினார்?

கேட்டவர் கேட்டது இது: "பில் மன்றோவை ப்ளூகிராஸ் இசையின் தந்தை என்கிறார்கள். ஒரு தனி ஆள் ஒரு இசை வகையையே உண்டாக்கிவிட முடியுமா? அவருக்கு மாண்டலின் யார் சொல்லிக் கொடுத்தது? ஒரு கறுப்பினக் கலைஞரிடம் கற்றதை மறைத்துவிட்டார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா?" பார்க்க மூன்று கேள்வி, உள்ளே இருப்பது ஒன்றுதான். அந்தப் பட்டம் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதா, இல்லை ஊரார் சரக்குக்கு இவர் பெயர் வாங்கிக்கொண்டாரா? ப்ளூகிராஸ் என்பது தந்தி வாத்தியங்களை வைத்து வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை வகை. நான் பல வருடங்களாக அமெரிக்காவில் ப்ளூகிராஸ் ஜாம்களில், அதாவது ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசிக்கும் இடங்களில், மாண்டலின் வாசிக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியும் கொடுக்கிறேன். அதனால் கை சம்பந்தப்பட்ட விஷயங்களில் தைரியமாகப் பேசுவேன். குடும்பக் கதை, பதிவுத் தேதிகள் இதெல்லாம் மற்றவர்கள் தேடி எடுத்து வைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரக்கில் பெரும்பகுதி மற்றவர்களுடையது, அந்த மற்றவர்களுக்குப் பெயர் உண்டு, பெயரை அவரே சொல்லியும் இருக்கிறார். அவருடையது என்று நான் சத்தியம் செய்து சொல்வது அந்த வலக்கையை.

நம்மவர்களுக்கு மாண்டலின் என்றதும் ஸ்ரீனிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் வாத்தியம், அதையும் கர்நாடக இசைக்கு ஏற்றபடி ஐந்து தந்தியாக மாற்றிக்கொண்டார். மன்றோ கையில் இருந்தது மரக்கூடு மாண்டலின். இரண்டிரண்டாக நான்கு ஜோடி, மொத்தம் எட்டு இரும்புத் தந்தி. ஜி, டி, ஏ, ஈ என்று வயலினுக்குச் சேர்க்கும் அதே சுருதிதான். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

மன்றோ பிறந்தது 1911 செப்டம்பர் 13. மேற்கு கென்டக்கியில் ரோசின் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஜெருசலேம் ரிட்ஜ் என்ற மேட்டில் அவர்கள் பண்ணை. மலைக்காட்டு ஏழைப் பையன் என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. அப்பாவுக்கு நிலம் இருந்தது, மரம் வெட்டினார்கள், கொஞ்சம் நிலக்கரியும் எடுத்தார்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. இடது கண் உள்பக்கம் திரும்பிய மாறுகண், பார்வையும் சரியில்லை. அம்மா மலிஸ்ஸா பிடில் வாசிப்பார், அக்கார்டியன் வாசிப்பார், பழைய கதைப்பாடல்கள் பாடுவார். அப்பா நன்றாக ஆடுவார். அண்ணன் பர்ச் பிடிலை எடுத்துக்கொண்டார், இன்னொரு அண்ணன் சார்லி கிடாரை எடுத்துக்கொண்டார், யாருக்கும் வேண்டாத மாண்டலின் இவர் தலையில் வந்து விழுந்தது. அதிலும் எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிவிட்டு வாசி, சத்தம் தாங்கவில்லை என்று அண்ணன்மார் சொன்னதாக மன்றோவே பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஆத்திரத்தில்தான் பிற்காலத்தில் மாண்டலினை அப்படி அடித்து வாசித்தார் என்று ரசிகர்கள் ஒரு முடிச்சுப் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபிக்க வழியில்லை.

ஊர்ச் சர்ச்சுகளில் பாட்டுப் பள்ளி நடக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் கொடுத்து அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து நான்கு குரலில் பாடுவார்கள். இவருக்குக் கண் தெரியாததால் புத்தகத்தை விட்டுவிட்டுக் காதால் பிடித்தார். பிற்காலத்தில் அவர் குழுவின் நான்கு குரல் பக்திப் பாடல்களைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா 1921ல் இறந்தார், இவருக்கு அப்போது 10 வயது. 1928ல் அப்பாவும் போனார். அண்ணன்மார் வேலை தேடி வடக்கே போய்விட, பையன் கடைசியில் போய் ஒதுங்கியது தாய்மாமன் பெண்டில்டன் வாண்டிவர் வீட்டில். மாமனுக்கும் நல்ல நிலைமை இல்லை, விபத்தில் இடுப்பு அடிபட்டு ஊன்றுகோலோடு நடந்தவர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் நடனக் கூடுகை என்றால் பிடிலுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மருமகன் கிடாரோடு பின்னால் போவான். ஒரு அறை முழுக்க ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது தாளம் கொஞ்சம் தள்ளாடினாலும் கால்கள் காட்டிக் கொடுத்துவிடும். மாமனிடம் இவர் கற்றதாகச் சொன்னதில் முக்கியமானது மெட்டுகளைவிட இந்த நேர ஒழுங்குதான். மாமன் 1932ல் இறந்தார். 1950ல் அவர் பெயரிலேயே 'அங்கிள் பென்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார் மன்றோ. 1972ல் மாமன் வாசித்த மெட்டுகளாகவே ஒரு முழு ஆல்பமும் வந்தது, பிடில் கென்னி பேக்கர். மாமன் வாசித்த ஒலிப்பதிவு ஏதும் இல்லை, நாம் கேட்பது மருமகனின் ஞாபகத்தைத்தான்.

இங்கேதான் அந்தச் சுருதி விஷயம் வருகிறது. பிடிலுக்கும் மாண்டலினுக்கும் ஒரே சுருதி என்பதால் மாமனின் இடக்கை விரல்களை அப்படியே மாண்டலினில் வைத்துவிடலாம். சிக்கல் வலக்கையில். வில்லை இழுத்தால் சுரம் நீங்கள் விடும்வரை நிற்கும். மாண்டலினில் தட்டிய மறு நொடியே சத்தம் செத்துவிடும். அதற்கு முன்னால் இருந்த பெரும்பாலான மாண்டலின்காரர்கள் ஒவ்வொரு சுரத்தையும் நடுக்கி நடுக்கி, டிரெமொலோ போட்டு இனிமையாக நீட்டினார்கள். மன்றோ நடுக்கத்தையும் வைத்துக்கொண்டார், ஆனால் வேகமான மெட்டு வந்தால் வில் முன்னும் பின்னும் அசைகிற அந்த அசைவையே பிக் (தந்தியைத் தட்டும் சிறு தகடு) பிடித்த கைக்கு மாற்றினார். சுரங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியைச் சிறு அடிகளால் நிரப்புவார், பக்கத்துத் தந்தியைத் திறந்துவிட்டு அதையும் சேர்த்து முழங்கவிடுவார், சில இடங்களில் தொடர்ந்து கீழ்நோக்கியே அடிப்பார். கடைசியாகச் சொன்னதைச் செய்து பாருங்கள், மணிக்கட்டு கழன்றுவிடும். புதிதாக வருகிற பிள்ளைகள் அவருடைய சுரங்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார்கள். சுரம் எல்லாம் சரியாக இருக்கும், மன்றோ மட்டும் இருக்க மாட்டார். மேலே கீழே என்று மாற்றி மாற்றிச் சுத்தமாக அடித்திருப்பார்கள். எந்த அடி கீழே போகிறது என்று மட்டும் திருத்தினால் அதே சுரங்கள் சட்டென்று உறுமும்.

சரி, இப்போது அந்தக் கறுப்பினக் கலைஞர். பெயர் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ், பிறந்தது 1886, ரோசின் இருக்கும் அதே ஒஹாயோ கவுண்டிக்காரர் (கென்டக்கிக்குள் இருக்கும் மாவட்டம், ஒஹாயோ மாநிலம் இல்லை). சுரங்கம், கூலி வேலை என்று கிடைத்ததைச் செய்துகொண்டு கிடாரும் பிடிலும் வாசித்துச் சுற்றியவர். பதின்ம வயது மன்றோ, ரோசின் பக்கத்து நடனங்களில் ஷுல்ட்ஸ் பிடில் வாசிக்கப் பின்னால் கிடார் வாசித்திருக்கிறார், விடிய விடிய. வெள்ளையர் வீட்டு நடனத்துக்குக் கறுப்பினக் கலைஞர் தலைமை தாங்கி வாசித்தது அந்தக் காலக் கென்டக்கியில் சின்ன விஷயம் இல்லை. மறைத்தாரா என்றால், இல்லை. பேட்டிகளில் ஷுல்ட்ஸ் பெயரைச் சொல்லி, தன் இசையில் இருக்கும் ப்ளூஸுக்கு (கறுப்பினத்தவரின் சோகம் தோய்ந்த பாட்டு வகை) அவர் ஒரு காரணம் என்று மன்றோவே பேசியிருக்கிறார். வீடியோக்காரர் அந்த இடத்தில் தவறு. ஆனால் வீடியோவின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மன்றோ சொன்ன பிறகும் ரொம்ப காலம் ப்ளூகிராஸ் உலகம் அந்தப் பெயரை மேலோட்டமாகவே தாண்டிப் போனது.

ஷுல்ட்ஸ் விஷயத்தில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். உறுதியானது: அவர் இருந்தார், மன்றோ அவரோடு வாசித்தார், கட்டைவிரலால் கீழ்ச்சுரத்தை அடித்துக்கொண்டே மற்ற விரலால் மெட்டு வாசிக்கும் கிடார் பாணி அந்த வட்டாரத்தில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கென்னடி ஜோன்ஸ், மோஸ் ரேகர் என்ற கிடார்க்காரர்கள் வழியாக அது புகழ்பெற்ற கிடார்க்காரர் மெர்ல் டிராவிஸ் வரை போனது, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. ஊகம்: மன்றோவின் மாண்டலினில் இந்தச் சறுக்கல் ஷுல்ட்ஸுடையது, அந்தச் சுரம் ஷுல்ட்ஸுடையது என்று விரல் நீட்டிச் சொல்வது. ஷுல்ட்ஸின் ஒரு ஒலிப்பதிவுகூடக் கிடையாது. 1931ல், 45 வயதில் இறந்துபோனார். பொறாமை பிடித்த வெள்ளை வாத்தியக்காரர்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது, மரணச் சான்றிதழில் இருப்பது இதயக் கோளாறு. என் காதுக்குப் படுவதைச் சொல்கிறேன், ஆதாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: மெட்டு இனிமையாகப் போய்க்கொண்டிருக்கும்போது மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் மன்றோ வேண்டுமென்றே இறக்கி அழுத்துவார். அந்தப் பழக்கம் ஸ்காட்டிஷ் பிடிலில் இருந்து வரவில்லை. ஷுல்ட்ஸிடம் இருந்து வந்ததா, அன்றைய பிரபல நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகளில் இருந்து வந்ததா, இரண்டிலும் இருந்தா என்று பிரிக்க முடியாது. ராட்ஜர்ஸின் பாட்டுகளை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

1929ல் இவரும் அண்ணன்மார் பின்னாலேயே சிகாகோவுக்குப் பக்கத்து இண்டியானா தொழில்நகரங்களுக்குப் போனார். சிங்க்ளேர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவி அடுக்கும் வேலை. கிராமத்து இசைக்கு அங்கேயும் ஆள் இருந்தது, ஏனென்றால் அந்த ஆலைகளில் பாதிப் பேர் தெற்கில் இருந்து வந்தவர்கள். சிகாகோ வானொலியின் நாட்டுப்புற நிகழ்ச்சிக்கு அண்ணன் தம்பிகள் முதலில் போனது ஆடுவதற்காக, பாடுவதற்காக அல்ல. 1934 வாக்கில் பர்ச் விலகிக்கொள்ள, சார்லியும் பில்லும் மன்றோ பிரதர்ஸ் என்று முழுநேரமாக இறங்கினார்கள். 1936 பிப்ரவரியில் வட கரோலினாவின் ஷார்லட்டில் ப்ளூபேர்ட் நிறுவனத்துக்கு முதல் பதிவு, இரண்டு வருடத்தில் மொத்தம் 60 பாட்டு. அண்ணன் தம்பி ஜோடிகள் அப்போது நிறைய. ஆனால் மற்ற ஜோடிகளில் மாண்டலின் பாட்டுக்கு ஓரமாக ஒத்து ஊதிக்கொண்டிருக்கும், இவர்கள் இசைத்தட்டில் அது முன்னால் ஓடும், அதுவும் தலைதெறிக்க. அடிதடி குணமுள்ள இரண்டு பேர், 1938ல் பிரிந்தார்கள்.

பிரிந்தவர் சொந்தக் குழு கட்டினார். கென்டக்கி மாநிலத்தின் செல்லப்பெயரை வைத்து ப்ளூ கிராஸ் பாய்ஸ். 1939 அக்டோபரில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாட்டுப்புற இசை வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார், சாகும்வரை அங்கேதான். சேரும்போது பாடியது ராட்ஜர்ஸின் 'மியூல் ஸ்கின்னர் ப்ளூஸ்', அதையே 1940ல் அட்லாண்டாவில் பதிவும் செய்தார். மாண்டலின் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வேடிக்கை: அந்தப் புகழ்பெற்ற முதல் பதிவில் மன்றோ வாசிப்பது மாண்டலின் இல்லை, கிடார். அவர் மனதில் இருந்த தாளத்தை வாசிக்க அன்றைக்குக் கிடார்க்காரர் யாரும் தயாராக இல்லை, தானே வாசித்துக் காட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ராட்ஜர்ஸின் அசலைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். அதே பாட்டை, சும்மா வேகம் கூட்டியதாக இல்லாமல், அடியின் முன்விளிம்பில் ஏறி நின்று வாசிக்கிறார்கள். பிற்காலத்து ப்ளூகிராஸின் துடிப்பு அங்கேயே இருக்கிறது, அந்தப் பாணிக்கே உரிய மூன்று விரல் பான்ஜோ வருவதற்கு ஐந்து வருடம் முன்னால்.

இதே பத்தாண்டில்தான் மாண்டலினை அவர் தாளவாத்தியமாகவும் ஆக்கினார். ப்ளூகிராஸில் டிரம் கிடையாது. பேஸ் என்ற கீழ்ச்சுர வாத்தியம் ஒன்றாம், மூன்றாம் அடியில் விழும். மாண்டலின் இரண்டாம், நான்காம் அடியில் விழும், அதற்கு 'சாப்' என்று பெயர். செய்முறை சொல்கிறேன்: திறந்த தந்தி ஒன்றுகூட இல்லாமல் நான்கு விரலாலும் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுப்பை) அமுக்கிப் பிடிக்க வேண்டும், பிக் ஒரே வீச்சில் எல்லாத் தந்தியையும் கடக்க வேண்டும், கடந்த அந்தக் கணத்திலேயே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், விரலைத் தந்தியில் இருந்து எடுக்கக் கூடாது. ஒரு "சக்" மட்டும் மிஞ்சும். சீக்கிரம் விட்டால் வெறும் மரச்சத்தம், தாமதமாக விட்டால் கிடார் மாதிரி ஒலிக்கும். ஜாமில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது வேகத்தைக் கையில் வைத்திருப்பது பாடுகிறவர் இல்லை, இந்தச் "சக்" போடுகிறவர்தான். மன்றோ ஓடவிட்டு ஓடவிட்டு மற்றவர்களைத் தள்ளினார் என்று அவர் குழுவில் இருந்தவர்கள் சொல்வதெல்லாம் இந்த அடியைப் பற்றித்தான்.

அந்தச் "சக்"குக்குத் தோதான வாத்தியம் அவருக்குக் கிடைத்தது 1940களின் நடுவில், மயாமியில் ஒரு சலூனில். கிப்சன் எஃப்-5 மாண்டலின், உள்ளே 1923 ஜூலை 9 தேதியிட்டு லாயிட் லோர் கையெழுத்து, விலை 150 டாலர். லோர் அதை வடிவமைத்தது மேடையில் செவ்வியல் இசை வாசிப்பவர்களுக்காக, வயலினில் இருப்பது போன்ற ஒலித்துளைகளோடு. மாண்டலின் ஆர்க்கெஸ்ட்ரா மோகம் அதற்குள் வடிந்துவிட்டதால் விற்பனை படுத்துவிட்டது, லோரும் 1924 கடைசியில் நிறுவனத்தைவிட்டுப் போய்விட்டார். யாரும் சீந்தாத அந்த மாடல்தான் இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் இந்த மனிதர். 1951 வாக்கில் பழுதுபார்க்கக் கிப்சனுக்கு அனுப்பினார், மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டுக் கேட்ட வேலை எல்லாவற்றையும் செய்யாமல் திருப்பி அனுப்பினார்கள். மனிதர் பேனாக்கத்தியை எடுத்துத் தலைப்பகுதியில் இருந்த கிப்சன் பெயரைத் தோண்டி எடுத்துவிட்டார். 1980ல் சமாதானம் ஆகும்வரை அந்தக் காயத்தோடேயே மேடையில் வாசித்தார். 1985 நவம்பரில் யாரோ வீட்டுக்குள் புகுந்து அடுப்புக்கம்பியால் அதை அடித்து நொறுக்கினார்கள். கிப்சனின் சார்லி டெரிங்டன் சிதறிய சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, சில மாதத்தில் மறுபடி வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். இப்போது நாஷ்வில்லில் நாட்டுப்புற இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"அப்போ பான்ஜோ?" என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 1945 பிப்ரவரியில் மன்றோ பதிவு செய்ததைக் கேட்டால் குழுவில் அக்கார்டியன் இருக்கிறது, பழைய பாணிப் பான்ஜோ இருக்கிறது, கேட்க இதமாகவும் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு யாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ப்ளூகிராஸ் என்று சொல்ல மாட்டார்கள். அந்த டிசம்பரில் வட கரோலினாவில் இருந்து 21 வயதுப் பையன் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தார். மூன்று விரலால் சுரங்களை உருட்டிவிடும் பான்ஜோ. பாட்டுக்கும் கிடாருக்கும் லெஸ்டர் ஃப்ளாட், பிடிலுக்குச் சப்பி வைஸ், பேஸுக்கு ஹோவர்ட் வாட்ஸ். இந்த ஐந்து பேர் 1946 செப்டம்பரிலும் 1947 அக்டோபரிலும் சிகாகோவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தவைதான் இன்றும் எல்லா ஜாமுக்கும் பாடப்புத்தகம். ஸ்க்ரக்ஸ் இல்லாமல் ப்ளூகிராஸ் இந்த உருவத்துக்கு வந்திருக்காது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மூன்று விரல் பாணியும் அவர் தனியாகக் கண்டுபிடித்தது இல்லை, அந்த வட்டாரத்தில் ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் ஏற்கெனவே வாசித்ததுதான், ஸ்க்ரக்ஸ் அதைச் சீராக்கிப் பளபளக்க வைத்தார். அதை வேறு எந்தக் குழுவில் வைத்திருந்தாலும் நல்ல பான்ஜோ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். 1940லிருந்து ஓடிக்கொண்டிருந்த அந்தத் தாளத்துக்குள் வந்து உட்கார்ந்ததால்தான் அது வெடித்தது. 1948ல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் விலகித் தனிக் குழு கண்டார்கள், மன்றோ ஃப்ளாட்டோடு இருபது வருடத்துக்கு மேல் பேசவில்லை. 1971ல்தான் கை குலுக்கினார்கள்.

ஒரு ஆள் ஒரு இசை வகையை உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்கு நான் காட்டும் சாட்சி ஸ்டான்லி பிரதர்ஸ். 'மாலி அண்ட் டென்ப்ரூக்ஸ்' என்ற குதிரைப்பந்தயப் பாட்டை மன்றோ 1947 அக்டோபரில் பதிவு செய்தார், தட்டு வெளிவரவில்லை. அதற்குள் வர்ஜீனியாவில் இருந்த ஸ்டான்லி சகோதரர்கள் வானொலியில் கேட்டுக் கேட்டே அதே ஏற்பாட்டில், அதே பான்ஜோ உருட்டலோடு, 1948ல் தங்கள் தட்டைப் போட்டுவிட்டார்கள். மன்றோவுக்குக் கடும் கோபம். அவர்களைக் கொலம்பியா ஒப்பந்தம் செய்ததும் கொலம்பியாவை விட்டு டெக்கா என்ற வேறு நிறுவனத்துக்கே போய்விட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதுவரை அது ஒரு குழுவின் சத்தம். இன்னொரு குழு அதை எடுத்து வாசித்த அன்றைக்குத்தான் அது ஒரு வகை ஆனது. அவர் கோபப்பட்டது எதற்காகவோ அதுதான் அவருக்குத் தந்தைப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. அந்த ஸ்டான்லிகளில் மூத்தவர் கார்ட்டர் 1951ல் கொஞ்ச காலம் மன்றோ குழுவிலேயே வந்து பாடினார் என்பது இன்னொரு கூத்து.

1950களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1953 ஜனவரியில் கார் விபத்து, 19 எலும்பு முறிவு, மாதக்கணக்கில் மேடை இல்லை. 1954ல் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் தட்டின் மறுபக்கத்தில் மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை எடுத்துக் குலுக்கினார். வழக்கமாகக் கோபப்படும் மன்றோ இதற்குக் கோபப்படவில்லை, எழுதியவருக்கு நல்ல காசு வந்தது. தானும் அதே வருடம் பாதியை மூன்றடித் தாள வால்ட்ஸாகவும் பாதியை வேகமாகவும் மறுபதிவு செய்தார். ஆனால் அதே எல்விஸ் அலையில்தான் நாட்டுப்புறக் குழுக்களுக்குக் கூட்டம் வற்றியது.

மீட்டது கல்லூரிக்காரர்கள். 1960களின் ஆரம்பத்தில் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற நியூயார்க் பக்கத்து மாண்டலின்காரர் அவரைத் தேடிப் போனார். தேடிப் போனதன் காரணம் சுவாரசியமானது: பத்திரிகைகள் ஸ்க்ரக்ஸைத்தான் ப்ளூகிராஸின் நாயகனாக எழுதிக்கொண்டிருந்தன, மன்றோவோ பேட்டி கேட்டால் ஸ்க்ரக்ஸின் மனைவியைப் போய்க் கேளுங்கள் என்று கடித்துத் துப்புகிற மனநிலையில் இருந்தார். ரின்ஸ்லர் விடாமல் பேசவைத்து, எழுதி, மேலாளராகவும் ஆகி, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுக்குக் கூட்டிப் போனார். 1965ல் வர்ஜீனியாவின் ஃபின்காஸ்டில் அருகே கார்ல்டன் ஹேனி பல நாள் ப்ளூகிராஸ் விழா ஒன்று நடத்தினார். அதில் மன்றோவின் பழைய குழுக்காரர்களை ஒவ்வொருவராக மேடையேற்றி அவரோடு வாசிக்கவைத்து இந்த இசையின் கதையைச் சொன்னார்கள். ஆக, 'தந்தை' என்ற பட்டம் தானாக முளைத்தது இல்லை, சில பேர் முனைந்து நிலைநாட்டியது. முனைந்து நிலைநாட்டியதால் பொய் ஆகிவிடாது.

அந்த மேடை வரிசைதான் எனக்கு அவருடைய பெரிய சாதனையாகப் படுகிறது. 150 பேருக்கு மேல் அவர் குழுவுக்குள் வந்து போயிருக்கிறார்கள். நல்ல முதலாளி என்று யாரும் சொல்லவில்லை. சம்பளம் சுமார், பேச்சு குறைவு, பாராட்டு அதைவிடக் குறைவு, பண்ணையில் வேலிகூடப் போட வைப்பார். இருந்தும் ஒவ்வொருவரும் வெளியே வந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். டெல் மெக்கௌரி 1963ல் பான்ஜோ வாசிக்கத்தான் வந்தார், மன்றோ அவரைக் கிடாருக்கும் பாட்டுக்கும் மாற்றிவிட்டார், அதுவே அவர் வாழ்க்கை ஆனது. அவர் மகன் ரானி இன்று மன்றோ வழி மாண்டலினில் முன்வரிசை. அந்த வழியை இன்னும் நெருக்கமாகப் பிடித்து வாசிப்பவர் மைக் காம்ப்டன். ஃப்ராங்க் வேக்ஃபீல்ட் மன்றோவைக் கரைத்துக் குடித்துவிட்டு வேறு பக்கம் போனார். ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ், பாபி ஆஸ்பர்ன் இருவரும் மன்றோ மாதிரி வாசிக்கக் கூடாது என்றே தனிப் பாணி கண்டார்கள், அதுவும் ஒரு வகைச் செல்வாக்குதான்.

வயதான பிறகும் அவர் மாண்டலின் நிற்கவில்லை. தந்திகளை விதவிதமாகச் சுருதி மாற்றி வைத்து வாசிப்பது அவருக்குப் பிடிக்கும். 'கெட் அப் ஜான்' அப்படித்தான், 1981ல் வந்த 'மை லாஸ்ட் டேஸ் ஆன் எர்த்' அதைவிட வினோதம். இரண்டாவதில் கடல் ஒலியும் பறவைச் சத்தமும் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி, நிறையப் பேர் சண்டைக்கு வருவார்கள். 1970ல் நாட்டுப்புற இசைப் புகழ் மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்த்தார்கள், 1995ல் தேசியக் கலைப் பதக்கம், 1996 செப்டம்பர் 9ல், 85ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால் இறந்தார். ரோசினிலேயே அடக்கம். அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபமும் முன்னோடி என்று சேர்த்துக்கொண்டது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1936 மன்றோ பிரதர்ஸில் ஏதாவது ஒன்று, மாண்டலினுக்காக. பிறகு 1940 'மியூல் ஸ்கின்னர்', தாளத்துக்காக. பிறகு 1946–47 கொலம்பியா பதிவுகள் எல்லாம். அதில் 'ப்ளூகிராஸ் பிரேக்டவுன்' மாண்டலின் ஆரம்பிக்கும் மெட்டு. அப்புறம் 'அங்கிள் பென்', அப்புறம் 1951 'ராஹைட்'; கடைசிதான் வலக்கைக்கு உச்சம். ஒரே ஒரு எச்சரிக்கை: 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யின் இரண்டு பதிவுகளும் இணையத்தில் தேதி இல்லாமல் கலந்து கிடக்கின்றன. கடைசிவரை வால்ட்ஸாகவே போனால் அது 1946, பாதியில் வேகம் பிடித்தால் அது எல்விஸுக்குப் பிந்தையது. முதலில் 1946ஐக் கேளுங்கள்.